விழாத பந்து

(பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடைக் கிரிக்கெட் முகாமின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நேற்று சாயங்காலம் இந்த மைதானத்தின் ஓரத்தில் நின்று பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாங் ஆனில் ஒரு பையன் நின்றான். பதினொரு வயதிருக்கும். பந்தைத் தூக்கி அடித்தார்கள். பையன் இரண்டடி முன்னே வந்தான், நின்றான், அண்ணாந்து பார்த்தான், அப்புறம் பதறிப் பின்னால் ஓடினான். பந்து அவன் தலையைத் தாண்டி பத்தடி தள்ளி விழுந்தது. பயிற்சியாளர் அக்கறையோடுதான் சத்தம் போட்டார்: "பந்து எங்க விழும்னு முதல்ல பாருடா, அப்புறம் ஓடு!"

இன்றைய என் பேச்சு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். சின்ன வயதில் எனக்கும் அதையே சொன்னார்கள். பல வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் இன்று சொல்கிறேன்: பந்து எங்கே விழும் என்று பார்த்துவிட்டு யாரும் ஓடுவதில்லை. ஓட ஓடத்தான் அது எங்கே வரும் என்று உடம்புக்குத் தெரிகிறது.

ஒரு பந்து எங்கே விழும் என்று கணக்குப் போட என்னென்ன வேண்டும்? பேட்டை விட்டுக் கிளம்பிய வேகம், கிளம்பிய கோணம், காற்றின் தடை, பந்தின் சுழற்சி, வீசுவது எதிர்க்காற்றா பின்காற்றா என்ற விவரம். இதில் முதல் இரண்டை மட்டும் கொடுத்து, காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லி, பிளஸ் ஒன் மாணவனுக்குக் கேள்வி கேட்கிறோம். பேப்பர், பேனா வைத்துக்கொண்டு அவன் ஐந்து நிமிடம் போடுகிறான். மைதானத்தில் நமக்கு இருப்பதோ நான்கைந்து வினாடி. ஏழாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகூட அதற்குள் ஓடிப்போய்ப் பிடித்துவிடுகிறதே, எப்படி?

இந்தக் கேள்வியை ஒழுங்காக எடுத்துக்கொண்டவர் செவில் சாப்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர். 1968-இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் பேஸ்பால் பந்தைப் பிடிப்பது பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். பேஸ்பாலில் அவுட்ஃபீல்டர் என்பவர் நம் பவுண்டரி ஓரத்தில் நிற்கிற ஆளைப் போன்றவர். அவர் கண்ணுக்குப் பந்து எப்படித் தெரிகிறது என்று சாப்மன் பார்த்தார். அவர் கண்டதை ஒரு கண்ணாடியை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் முகத்துக்கு நேரே, கையெட்டும் தூரத்தில், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கண்ணாடிப் பலகை செங்குத்தாக நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாகப் பந்தைப் பார்க்கிறீர்கள். பந்து தெரிகிற இடத்தில் நொடிக்கு நொடி ஒரு மைப்புள்ளி வைக்கிறீர்கள். பந்து உங்கள் தலையைத் தாண்டிப் போகப்போகிறது என்றால், புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும். பந்து கண்ணாடியில் வேகம் பிடித்து ஏறும். உங்களுக்கு முன்னாலேயே விழப்போகிறது என்றால், ஏற்றம் தளர்ந்து, ஓரிடத்தில் நின்று, கீழே இறங்க ஆரம்பிக்கும். சரியாக உங்களிடம்தான் வரப்போகிறது என்றால், புள்ளிகள் எல்லாம் ஒரே இடைவெளியில் விழும். ஒரே சீராக ஏறும், கடைசி நொடிவரை ஏறிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கடைசி வரியை முதன்முதலில் கணக்காகப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பந்து உச்சிக்குப் போய்த் திரும்பி பூமியை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது விழுகிறது. பிடிக்கப்போகிறவன் கண்ணுக்கு மட்டும் அது விழுவதே இல்லை. கைக்கு வந்து சேரும்வரை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. கையில் விழும் பந்தைப் பிடிக்கிறோம் என்று நாம் சொல்கிறோம். கண்ணுக்குத் தெரிந்ததோ விழாத பந்து.

ஆகவே பிடிப்பவனுக்கு வேகமும் வேண்டாம், கோணமும் வேண்டாம். ஒரே வேலைதான்: அந்த ஏற்றம் சீராக இருக்கும்படி தன் கால்களை நடத்த வேண்டும். பந்து வேகம் பிடித்து ஏறுகிறதா, பின்னால் போ. ஏற்றம் தளர்கிறதா, முன்னால் வா. சாப்மனும் காற்றை ஒதுக்கிவிட்டுத்தான் கணக்குப் போட்டார். ஆனால் இந்த வழியின் அழகு என்னவென்றால், காற்று பந்தைத் தடுத்தாலும் தள்ளினாலும் அது கண்ணாடியில் உடனே தெரிந்துவிடும், கால் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். காற்றின் கணக்கைக் காற்றே போட்டுக் கொடுக்கிறது.

1993-இல் இங்கிலாந்தில் பீட்டர் மெக்லியோட், சோல்டான் டீன்ஸ் என்ற இருவர் பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் படமெடுத்து, அவர்களுடைய வேகத்தை நொடிக்கு நொடி அளந்தார்கள். பந்து விழும் இடம் முன்கூட்டியே தெரிந்தால் மனிதன் என்ன செய்வான்? முழு வேகத்தில் ஓடிப்போய் அங்கே நின்று காத்திருப்பான். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், பந்து வரும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். பலர் ஓட்டத்தோடு ஓட்டமாகத்தான் பிடித்தார்கள்.

1995-இல் அமெரிக்காவில் மைக்கேல் மெக்பீத் குழுவினர் பக்கவாட்டில் போகும் பந்துகளை எடுத்துக்கொண்டார்கள். வளைந்து வரும் பந்து, தன் கண்ணில் நேர்கோடாகத் தெரியும்படி ஃபீல்டர் ஓடுகிறார் என்பது அவர்கள் கட்சி. சாப்மன் வழியா, மெக்பீத் வழியா என்று ஆராய்ச்சியாளர்கள் வாதாடியிருக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவான சங்கதி ஒன்று உண்டு: கண் பந்தை விடக்கூடாது, கால் நிற்கக்கூடாது. 2004-இல் நாய்களின் தலையில் சிறு கேமராவைக் கட்டி, ஃப்ரிஸ்பீ தட்டை வீசிப் பார்த்தார்கள். நாயும் ஏறக்குறைய இதே வழியில்தான் ஓடிப் பிடிக்கிறது. கணக்கு நோட்டைத் தொடாத ஜீவன் அது.

பயிற்சியாளர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டிய ஆய்வு இன்னொன்று இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்தது, 1996-இல் வெளிவந்தது. பந்து கிளம்பிய சிறிது நேரத்தில் அதைப் பார்க்கவிடாமல் மறைத்துவிட்டு, 'இது பிடிக்கக்கூடிய பந்தா?' என்று கேட்டார்கள். நின்ற இடத்தில் நின்று பார்த்தவர்கள் மோசமாகச் சொன்னார்கள். பார்க்கும்போதே ஓட ஆரம்பித்தவர்கள் நன்றாகச் சொன்னார்கள். நின்று நிதானித்துப் பார் என்று பிள்ளையிடம் சொல்லும்போது, அவனுக்கு இருக்கிற ஒரே கருவியை நாம் பிடுங்கி வைத்துவிடுகிறோம். நேற்று அந்தப் பையன் தடுமாறியது முன்னே வைத்த இரண்டடியால் இல்லை. அதற்கப்புறம் நின்றானே, அதனால்.

இந்த வழிக்கு அடங்காத கேட்ச்களும் உண்டு. நான் பெரிதும் மதிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 1954 செப்டம்பர் 29, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம், பேஸ்பால் வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டம். நியூயார்க் ஜெயன்ட்ஸும் கிளீவ்லாந்தும் 2-2. எட்டாவது இன்னிங்ஸ். கிளீவ்லாந்தின் இரண்டு பேர் பேஸ்களில் நிற்கிறார்கள். விக் வெர்ட்ஸ் அடித்த பந்து மைதானத்தின் நடுப்பகுதியை நோக்கிப் பறக்கிறது. அந்த மைதானத்துக்கு நடுவில் ஆழம் மிக அதிகம். பந்து போனது ஏறக்குறைய 130 மீட்டர். வேறு பல மைதானங்களில் வேலியைத் தாண்டியிருக்கும்.

அங்கே நின்றவர் வில்லி மேஸ், வயது 23. பந்து பேட்டில் பட்டதும் அவர் செய்தது, முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடியது. பந்தைப் பார்க்காமல், வேலியைப் பார்த்து ஓடினார். கடைசியில் தலையைத் தூக்கி, தோளுக்கு மேலாக வந்த பந்தை இரண்டு கையும் ஏந்தி வாங்கினார். வாங்கிய கையோடு சுழன்று எறிந்தார். தொப்பி பறந்து விழுந்தது. இரண்டாம் பேஸில் இருந்தவரால் மூன்றாவதுக்கு மட்டும் போக முடிந்தது, ரன் வரவில்லை. ஜெயன்ட்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் 5-2 என்று ஜெயித்தார்கள், தொடரையும் நான்கு ஆட்டத்திலேயே முடித்தார்கள். அமெரிக்காவில் 'அந்தக் கேட்ச்' என்று சொன்னால் போதும், எது என்று கேட்க மாட்டார்கள்.

கண்ணை எடுக்காதே என்ற விதியை மேஸ் மீறினாரே என்றால், மீறினார்தான். பல்லாயிரம் பந்துகளைத் துரத்தியவருக்குப் பந்து கிளம்பிய முதல் நொடியே நிறையச் சொல்லியிருக்கும். சத்தமும் சொல்லும். பேட்டின் நடுவில் பட்ட சத்தம் வேறு, ஓரத்தில் பட்ட சத்தம் வேறு. பேஸ்பாலின் இயற்பியலை எழுதிய ராபர்ட் அடேர், அவுட்ஃபீல்டர்கள் முதல் எட்டை அந்தச் சத்தத்தை வைத்தே எடுத்துவைக்கிறார்கள் என்கிறார். நம் தெருவிலும் சுவருக்கு அந்தப்பக்கம் நிற்கிற பையன் 'டொக்' என்ற சத்தத்தை வைத்தே ஓடுவதா நிற்பதா என்று முடிவு செய்வதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் மேஸ் செய்ததை முதல் பாடமாக வைக்க முடியாது. கபில்தேவ் செய்ததை வைக்கலாம். 1983 ஜூன் 25, லார்ட்ஸ், உலகக்கோப்பை இறுதி. நாம் எடுத்தது 183. விவியன் ரிச்சர்ட்ஸ் 28 பந்தில் 33 எடுத்து ஆட்டத்தைக் கையோடு கொண்டுபோய்க்கொண்டிருக்கிறார். மதன்லாலின் பந்தைத் தூக்கி அடிக்கிறார். மிட்விக்கெட்டிலிருந்து கபில் பின்னோக்கி நீளமாக ஓடுகிறார். அந்தப் படத்தை மறுபடி போட்டு அவர் தலையை மட்டும் பாருங்கள். கால் பவுண்டரியை நோக்கிப் போகிறது, முகம் தோளுக்கு மேலே பந்தை விட்டு நகரவில்லை.

கால் கொண்டுபோய்ச் சேர்த்தது. இனிக் கையின் வேலை. கோடைக்காலத்தில் மார்க்கெட்டில் தர்பூசணி லாரி இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். லாரியின் மேல் ஒருவர், கீழே ஒருவர், கடைவாசலில் ஒருவர். பழம் கை மாறிக் கை பறந்து வரும். கீழே நிற்கிற அண்ணன் எப்படி வாங்குகிறார் என்று ஒருநாள் அரைமணி நேரம் நின்று பார்த்தேன். பழம் வருவதற்கு முன்பே அவர் கைகள் முன்னே நீண்டு அதை எதிர்கொண்டு போகின்றன. தொட்டதும் நிற்பதில்லை. பழம் போகிற பக்கமே கையும் சேர்ந்து வருகிறது. முழங்கை மடங்குகிறது, முட்டி லேசாக இறங்குகிறது, இடுப்புக்குப் பக்கத்தில் வந்துதான் அடங்குகிறது. சத்தமே கேட்பதில்லை. கையை விறைப்பாக வைத்து வாங்கினால் பழம் அங்கேயே பிளந்துவிடும்.

கிரிக்கெட் பந்து பிளக்காது, அதனால் கை பிளக்கிறது. கணக்கைப் பாருங்கள். 160 கிராம் பந்து, மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வருகிறது. கையை விறைப்பாக வைத்து மூன்று சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், உள்ளங்கை தாங்குவது சராசரியாக 240 கிலோ எடைக்குச் சமமான விசை. அதே பந்தை முப்பது சென்டிமீட்டர் இழுத்து வாங்கினால் 24 கிலோ. பத்து அரிசிச் சிப்பம் எங்கே, ஒரு சிப்பம் எங்கே! விறைத்த கையிலிருந்து பந்து துள்ளி வெளியே போவதும் இதனால்தான். 'சாஃப்ட் ஹேண்ட்ஸ்' என்று பயிற்சியாளர்கள் சொல்வது இந்த முப்பது சென்டிமீட்டரைத்தான்.

பேஸ்பாலும் முதலில் வெறுங்கை ஆட்டம்தான். அப்போது ஒரு சலுகை இருந்தது: தரையில் ஒருமுறை குத்தி எழும்பிய பந்தைப் பிடித்தாலும் அவுட். நம் தெருவில் 'ஒன் பிட்ச் கேட்ச்' என்கிறோமே, அதேதான். நம் பிள்ளைகள் சந்து சின்னதாக இருப்பதற்காக வைத்துக்கொண்ட விதி, அங்கே 1864 வரை பெரியவர்கள் ஆட்டத்திலேயே எழுத்தில் இருந்தது. வானத்திலேயே பிடித்தால்தான் ஆம்பிளை ஆட்டம் என்று ஒரு கூட்டம் வருடக்கணக்காக வாதாடி, 1865-இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். கை வீங்கியது. 1875-இல் சார்லி வெய்ட் என்ற ஆட்டக்காரர் யாருக்கும் தெரியக்கூடாது என்று தோல் நிறத்திலேயே ஒரு மெல்லிய கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்ததாக ஆல்பர்ட் ஸ்பால்டிங் எழுதியிருக்கிறார். ஸ்பால்டிங்கே 1877-இல் கறுப்பு கிளவுஸ் மாட்டி வெளிப்படையாக ஆடினார். 1920 வாக்கில் பில் டோக் என்ற பந்துவீச்சாளர் சொன்ன யோசனையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல்வாரால் வலை பின்னினார்கள். அதிலிருந்து பந்து உள்ளங்கையில் விழுவதை விட்டு அந்த வலைப்பைக்குள் விழுகிறது. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரைத் தவிர எல்லோருக்கும் இன்றும் வெறுங்கைதான். அதனால் கிரிக்கெட் கேட்சில் கை படும் பாடு எனக்குக் கூடுதல் மதிப்பாகத் தெரிகிறது. இது என் பட்சபாதமாக இருந்தால் இருக்கட்டும்.

ஷார்ட் லெக்கில் இந்தக் கண்ணாடிக் கணக்கெல்லாம் செல்லாது. பேட்டுக்கு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். பந்து நொடிக்கு 20 மீட்டரில் வருகிறது. 0.15 வினாடி. கண்ணில் பட்டது மூளைக்குப் போய்க் கை அசையவே ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். ஆகவே பந்து பேட்டில் படும்போதே கை தயாராக அங்கே இருக்க வேண்டும். குந்தியபடி கையைத் தரைக்குப் பக்கத்தில் வைத்திருக்கச் சொல்வது அதற்குத்தான். கீழேயிருந்து மேலே எழுவது சுலபம், மேலேயிருந்து கீழே போவதற்குள் பந்து புல்லைத் தொட்டுவிடும்.

ஏக்நாத் சோல்கர் அந்த இடத்தில் ஹெல்மெட் இல்லாமல் நின்றவர். பம்பாயில் ஒரு ஜிம்கானாவின் மைதானப் பராமரிப்பாளருடைய மகன். 27 டெஸ்டில் 53 கேட்ச். 1971 ஆகஸ்ட், ஓவல் மைதானம். முதல் இன்னிங்ஸில் 90 அடித்த ஆலன் நாட் மறுபடி பேட்டோடு வருகிறார். பந்து போடுகிறவர் நம் சென்னை வெங்கட்ராகவன். நாட் தடுத்து ஆடிய பந்து லேசாக எழுகிறது. சோல்கர் முன்பக்கமாக முழு உடம்போடு பாய்ந்து, புல்லுக்கு மேலே அதை அள்ளிவிடுகிறார். நாட் 1 ரன். மறுமுனையில் சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட், இங்கிலாந்து 101-க்குச் சுருண்டது. இங்கிலாந்து மண்ணில் நம் முதல் டெஸ்ட் வெற்றி அது. அந்தக் கேட்சின் புகைப்படத்தில் சோல்கருடைய உடம்பு முழுவதும் தரையில் நீண்டு கிடக்கிறது, பந்து இருக்கிற கை மட்டும் தரையைத் தொடவில்லை.

தவறவிட்ட பந்துகளைப் பற்றியும் பேசிவிட வேண்டும். பெற்றோர் இருக்கிறீர்கள், அதனால் கட்டாயம் பேச வேண்டும்.

எனக்குப் பதின்மூன்று வயதில், ஒரு பள்ளிப் போட்டியின் கடைசி ஓவரில் ஒரு பந்து லட்டு மாதிரி வந்தது. நின்று பார்த்தேன், கையை விறைத்தேன், விட்டேன். "கையில என்ன ஓட்டையா?" என்று பொறுப்பான ஒரு பெரியவர் எல்லோர் முன்னிலும் கேட்டார். வருடக் கடைசிவரை அதுதான் என் பெயர். அந்த வருடம் முழுக்கப் பந்து என் பக்கம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே மைதானத்தில் நின்றேன். பந்து வேண்டாம் என்று நினைக்கிறவனுடைய கால், பந்து கிளம்பும்போது நகராது. கால் நகராதவனுக்குப் பந்து தெரியாது. அடுத்ததையும் விடுவான்.

ஜெயன்ட்ஸ் அணியில் ஃப்ரெட் ஸ்னாட்கிராஸ் என்று ஒருவர். 1912 அக்டோபர் 16, பாஸ்டனில் வேர்ல்டு சீரிஸைத் தீர்மானித்த ஆட்டம். பத்தாவது இன்னிங்ஸில் ஜெயன்ட்ஸ் 2-1 முன்னிலை. பாஸ்டனின் கிளைட் எங்கிள் தூக்கி அடித்த சுலபமான பந்து ஸ்னாட்கிராஸின் கிளவுஸில் பட்டு நழுவியது. கடைசியில் பாஸ்டன் 3-2 என்று ஜெயித்தது. ஜெயித்த அணிக்கும் தோற்ற அணிக்கும் கிடைத்த பணத்தின் வித்தியாசத்தை வைத்து, '30,000 டாலர் நழுவல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஸ்னாட்கிராஸ் பிற்பாடு வங்கி நடத்தினார், கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்ட் நகரத்துக்கு மேயராக இருந்தார். 1974-இல் அவர் இறந்தபோது, அறுபத்திரண்டு வருடம் கழித்து, நியூயார்க் டைம்ஸ் மரணச் செய்தியின் தலைப்பிலேயே அந்த நழுவல் இருந்தது.

அந்த இன்னிங்ஸில் நடந்த மற்ற இரண்டைக் கேளுங்கள். சற்று நேரத்தில் ட்ரிஸ் ஸ்பீக்கர் அடித்த பந்து மேலே எழுந்து, முதல் பேஸ் பக்கம் எல்லைக்கோட்டுக்கு வெளியே இறங்கியது. பிடித்திருந்தால் ஒரு அவுட். அங்கே பந்துவீச்சாளர், கேட்சர், முதல் பேஸ்காரர் என்று மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் நடுவே அது தரையில் விழுந்தது. ஸ்பீக்கர் மறுபடி நின்று அடித்து ஸ்கோரைச் சமன் செய்தார். பிள்ளைகளே, இரண்டு பேர் ஓடும்போது முதலில் வாய் திறந்து "என்னுது!" என்று கத்த வேண்டும், கேட்டவன் விலகிக்கொள்ள வேண்டும். கையை விடச் சத்தம் முந்த வேண்டும்.

இன்னொன்று ஸ்னாட்கிராஸ் நழுவவிட்டதற்கு அடுத்தபடியே நடந்தது. ஹாரி ஹூப்பர் என்பவர் அடுத்து வந்து மைதானத்தின் ஆழத்துக்கு ஓங்கி அடித்தார். முன்னதைவிடப் பல மடங்கு கடினமான பந்து. அப்போதுதான் ஒன்றைக் கோட்டைவிட்டு, ஊரே திட்டிக்கொண்டிருந்த அதே ஸ்னாட்கிராஸ், பின்னால் திரும்பி ஓடி அதைப் பிடித்தார். அவருடைய கால் நிற்கவில்லை.

நேற்றைய பையன் இங்கேதான் இருக்கிறான், மூன்றாவது வரிசையில். பெயர் சொல்லப்போவதில்லை. தம்பி, வெயில் தாழ்ந்துவிட்டது, இன்னும் முக்கால் மணி நேரம் வெளிச்சம் இருக்கும். பந்தை எடுத்துக்கொண்டு லாங் ஆனுக்குப் போ, நான் இந்தப் பக்கமிருந்து அடித்துக் கொடுக்கிறேன். முதல் ஆறு பந்துக்குக் கையை நீட்டவே வேண்டாம். பந்து கிளம்பியதும் ஓட மட்டும் செய்.